லோகோ ஆடும், எழுத்தும் ஆடும்

திரையில் இரண்டு குழந்தைகள் குழல் ஊதினால் ஜெமினி, சிங்கம் உறுமினால் எம்.ஜி.எம். ஒரு காலத்தில் படக் கம்பெனிகளுக்கு மட்டுமே கட்டுப்படியான ஆடம்பரம் அது. பிறகு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருள் தெரிந்த பையன்களின் தயவில் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் வந்தது. இப்போது லோகோவை ஏற்றி நாலு வரி எழுதினால் போதும், சினிமா மாதிரி ஓப்பனிங் வந்துவிடும் என்கிறார்கள். ரன்வே, கிளிங், லூமா, கூகுளின் வியோ, அடோபியின் ஃபயர்ஃபிளை என்று ஏஐ கருவிகளுக்கும் பஞ்சமில்லை. வருகிறதா என்றால், வருகிறது. வருவது உங்கள் லோகோதானா என்பதில்தான் வம்பு.

சோதனைக்கு நானே ஒரு லோகோ வரைந்துகொண்டேன். ஊரார் லோகோவை எடுத்து விளையாடினால் டிரேட்மார்க் தகராறு வரும். கருநீலப் பின்னணியில் ஒரு குத்துவிளக்கு, அதன் கீழே தடித்த எழுத்தில் 'சுடர்'. அவ்வளவுதான்.

அதை அப்படியே கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கேமரா மெல்ல உள்ளே போகும், ஓரத்தில் கொஞ்சம் புகை வரும். கல்லூரி செமினாரின் பவர்பாயிண்ட் போல இருக்கும். தட்டையான படத்தில் முன் எது, பின் எது, ஒளி எங்கிருந்து விழுகிறது என்று கருவிக்குப் பிடி கிடைப்பதில்லை. அதனால் வீடியோவுக்குப் போகும் முன் ஒரு படி வேண்டும். நானோ பனானா போன்ற படக் கருவியில் லோகோவைக் கொடுத்து, பித்தளையில் வார்த்தது போல, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஈரமான கருங்கல் தரைமேல் நிற்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை வீடியோ கருவிக்குக் கொடுத்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளக்குத் தண்டின் கடைசல் வளையங்கள் ஒவ்வொன்றிலும் ஒளி ஏறி இறங்கியது. தரை ஈரத்தில் அதன் பிம்பம் சரியான கோணத்தில் நடுங்கியது. முப்பரிமாண மென்பொருளில் இதைச் செய்ய ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார வேண்டும்.

அடுத்து எழுத்தைப் பார்த்தேன். 'ர்' தலைமேல் இருந்த புள்ளி மெல்லக் கழன்று, தீப்பொறிகளோடு சேர்ந்து பறந்து போயிருந்தது. பார்க்க அழகுதான், திரையில் மிஞ்சியது 'சுடர'. இன்னொரு முயற்சியில் 'சு'வின் கீழ்ச்சுழி பாதி வழியில் நிமிர்ந்து, எந்த மொழியிலும் இல்லாத ஒரு எழுத்தாக நின்றது. இதில் ஒரு கருவியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, இந்த வகைக்கே உரிய கோளாறு இது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஐந்து நொடிக்கு 120 ஃபிரேம். நாம் கொடுத்த எழுத்தைக் கருவி நகர்த்துவதில்லை. அத்தனை ஃபிரேமையும் இரைச்சலிலிருந்து புதிதாக வரைகிறது. அதுவும் படத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டு வரைவதால், மெல்லிய கோடும் சின்னப் புள்ளியும்தான் முதலில் அடிபடும். கருவிக்குப் புள்ளியும் ஒன்று, பொறியும் ஒன்று. ஆங்கில எழுத்துகள் இந்த அளவுக்குச் சிதைவதில்லை. பயிற்சிக்குக் கிடைத்த படங்களில் அவைதான் நிறைய.

இதற்கு இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். வீடியோவின் முதல் ஃபிரேம் எப்போதும் நாம் கொடுத்த படத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். நேரம் போகப் போகத்தான் விலகும். எனவே லோகோவை முதல் ஃபிரேமாகக் கொடுத்து, அது பொறிப்பொறியாகச் சிதறிப் போகட்டும் என்று எழுதுங்கள். பிறகு எடிட்டிங்கில் ரிவர்ஸ் போடுங்கள். பொறிகள் கூடிவந்து லோகோ ஆகும், கடைசி ஃபிரேமில் எழுத்து பிசகாமல் நிற்கும். தூசி, பொறி, தங்கத் துகள் எல்லாம் இதற்கு ஒத்துவரும். தீயும் புகையும் ஒத்துவராது. என் விளக்கின் புகை மேலிருந்து இறங்கித் திரிக்குள் புகுந்துகொண்டது! கிளிங், லூமா போன்றவற்றில் முதல் படம், கடைசிப் படம் இரண்டையும் நாமே கொடுக்கும் வசதி இருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த வியோ 3.1-லும் உண்டு. தீ வேண்டுமென்றால் அந்த வழியே நல்லது. வியோ ஒலியையும் சேர்த்தே தரும், ரிவர்ஸ் போட்டால் அதுவும் தலைகீழாகும் என்பதால் ஒலியை அணைத்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசி அரை நொடியில் அசல் லோகோவை மேலே வைத்து கிராஸ் ஃபேட் செய்துவிடுவது உத்தமம். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். எழுத்து மட்டுமல்ல, நிறமும் நகர்கிறது. என் கருநீலம் முடிவில் மயில் நீலத்தை எட்டிப் பார்த்தது. அசலைப் பொருத்த வேண்டுமென்றால் கடைசி நொடியில் கேமரா அசையக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 'பிரம்மாண்டம்', 'அசத்தல்' போன்ற சொற்களால் ஒரு பலனும் இல்லை. கேமரா எங்கே நகர்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன பொருள் என்று எழுதினால் கருவி கேட்கிறது. ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு அசைவு கேளுங்கள்.

பின்னணி இல்லாத வீடியோ கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, எம்பி4 கோப்புதான் வரும். கறுப்புப் பின்னணியில் எடுத்து ஸ்கிரீன் மோடில் வைக்கலாம்; லோகோவே கருநிறமென்றால் காணாமல் போகும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமையையும் பாருங்கள். இலவசத் திட்டங்களில் வாட்டர்மார்க் வரலாம், வணிகப் பயன்பாட்டுக்குத் தடையும் இருக்கலாம். ஃபயர்ஃபிளையை, உரிமம் பெற்ற அடோபி ஸ்டாக் படங்களையும் காப்புரிமை முடிந்தவற்றையும் கொண்டு பயிற்றுவித்ததாக அடோபி சொல்கிறது. சட்டப்பிரிவு வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அது முக்கியம். வியோ வீடியோவில் கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி முத்திரை இருக்கும், ஏஐ வேலை என்பதை மறைக்க நினைக்க வேண்டாம்.

என் தீர்ப்பு இதுதான். கல்யாண ஸ்டுடியோ, யூடியூப் சேனல், குறும்படக் குழு என்றால் தாராளமாக இறங்கலாம். நிறமும் இடைவெளியும் இத்தனை என்று புத்தகம் போட்டு வைத்திருக்கும் கம்பெனிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் பின்னணியையும் ஒளியையும் மட்டும் ஏஐயிடம் வாங்குங்கள். தமிழ் எழுத்துள்ள லோகோ என்றால் எழுத்தை நீக்கிவிட்டுச் சின்னத்தை மட்டும் ஏற்றுங்கள், எழுத்தை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். தோற்ற முயற்சிக்கும் கிரெடிட் கழியும் என்பதால் முதலில் மலிவான மோடில் பார்த்துவிட்டு, பிறகு உயர்தரத்துக்குப் போங்கள். ரன்வேயின் ஜென்-3 2024 ஜூனில் வந்தது, 2025 மார்ச்சிலேயே ஜென்-4 வந்துவிட்டது. கருவிகள் இந்த வேகத்தில் மாறுவதால், சலுகை விலை என்று ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். மாதச் சந்தாவே போதும்.