ரைடருக்குக் கோடி, கேட்சருக்குக் கைதட்டு

தமிழ் தலைவாஸ் தோற்றால் ஆண்டிமடத்திலோ குன்னத்திலோ இப்போது யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி வருடங்கள் ஆகிவிட்டன. 2017-இல், புரோ கபடி லீக்கின் ஐந்தாவது சீசனில் அணி களமிறங்கியபோது உரிமையாளர் வரிசையில் சச்சின் டெண்டுல்கர் பெயர் இருந்தது; விளம்பரத் தூதராகக் கமல்ஹாசன் நின்றார். கிராமத்து மண்ணில் ஆடிய ஆட்டம் கடைசியில் தமிழ்நாட்டின் பெயரிலேயே தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது என்ற பெருமிதம் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கபடிக்காரர்களுக்கும் இருந்தது. எட்டு சீசன் முடிந்த பிறகு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "டீம் இன்னும் செட் ஆகல." ரசிகர்களின் வழக்கமான புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் கபடி பார்ப்பவர்களில் பாதிப் பேராவது ஒரு காலத்தில் ஆடியவர்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் "செட் ஆகல" என்ற சொல், ஆட்டம் தெரிந்தவர் சொல்லும் நோய்க்குறிப்பு. அணி நிர்வாகம் இத்தனை ஆண்டுகளாகக் காதில் போட்டுக்கொள்ளாததும் அதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். முதல் நான்கு சீசன்களில் தலைவாஸ் ஆடியவை 88 ஆட்டங்கள்; வென்றவை 20. 2017-இல் 6, 2018-இல் 5, 2019-இல் 4, 2021-22-இல் மறுபடி 5. 2019-இல் பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். 2022-இல் மட்டும் 10 வெற்றிகளோடு பிளே-ஆஃப் கண்டது. அதற்கடுத்த இரண்டு சீசன்களிலும் ஒன்பதாம் இடம். 2025-இல் அடுத்த கட்டத்துக்குப் போன எட்டு அணிகளில் தலைவாஸ் இல்லை. விளையாட்டில் தோல்வி சகஜம்தான். ஆனால் 2024 வரை ஏழு சீசன், 154 லீக் ஆட்டம், 47 வெற்றி என்ற கணக்குக்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ஒரே தப்பு நடந்தால்தான் இப்படி ஒரு கணக்கு வரும்.

அந்தத் தப்பு ஏல மேசையில் நடக்கிறது. 2019-இல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய் தாக்கூர் ஏற்கெனவே அணியில் இருந்தார். 2022-இல் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி. 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. 2025-இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே பவனை 59.5 லட்சத்துக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். இத்தனை பேரும் ரைடர்கள். 2022-இல் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க முடிந்த தொகை 4.4 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போனது. 2024-இல் மொத்தத் தொகை 5 கோடி. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஆள் மடியில் விழுந்தது. மிச்சக் காசில்தான் பிடி ஆட்டக்காரர்களான இரண்டு கார்னர், இரண்டு கவர், மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும். மேற்கண்ட வீரர்கள் யாரும் சோடையானவர்கள் அல்லர். பவன் ஆடுவதைப் பார்க்கக் காசு கொடுத்து வரலாம். குறை ஆளிடம் இல்லை, வாங்கிய வரிசையில் இருக்கிறது.

பொங்கலையொட்டி செந்துறை, உடையார்பாளையம், வேப்பந்தட்டை பக்கம் நடக்கும் நைட் மேட்ச் ஒன்றைக் கவனித்தால் இது புரியும். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்ட மண். நாலு மூலையிலும் கம்பத்தில் விளக்கு. ரைடர் பாடிக்கொண்டு உள்ளே வருகிறார். இடது கார்னர் அரை அடி பின்வாங்கி அவரை உள்ளே இழுக்கிறார். பக்கத்தில் இருக்கும் ஆளின் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கை இன்னும் விடவில்லை. ரைடரின் கால் போனஸ் கோட்டுக்கு நீளும் அந்த நொடியில் கார்னர் கணுக்காலுக்குப் பாய்கிறார்; கவர் நெஞ்சோடு மோதி நடுக்கோட்டுப் பாதையை அடைக்கிறார்; சங்கிலியில் இருந்த மூன்றாவது ஆள் மேலே விழுகிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, குரல் கொடுக்கவில்லை. கார்னர் அரை நொடி முந்திப் பாய்ந்தால் ரைடர் தாண்டிவிடுவார். கவர் அரை நொடி பிந்தினால் இருவரையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிடுவார். ஒரே ஊரில் பத்து வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அதே திறமையுள்ள ஏழு பேரை ஏழு ஊரிலிருந்து கூட்டி வந்து ஒரே வாரத்தில் இறக்கினால் கைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ரைடர் தனி ஆள். முதல் நாளே புள்ளி எடுத்துத் தரலாம். பிடி என்பது கூட்டு வேலை, அதற்கு வருடம் வேண்டும். மைதான ஓரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர் "செட் ஆகல" என்று முனகுவது இந்தக் கூட்டைத்தான்.

தலைவாஸின் ஒரே நல்ல சீசனும் இதற்குச் சாட்சி. 2022-இல் முதல் ஆட்டத்திலேயே பவன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பாதிப் பணம் மருத்துவமனையில் படுத்துக்கொண்டது. சீசன் அன்றோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் ஆஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். அறிமுக ரைடர் நரேந்தர் 243 புள்ளிகளைக் குவித்தார். எல்லோரும் நரேந்தரைப் பேசினார்கள், நியாயம்தான். ஆனால் அவர் பின்னால் நின்ற சாகர், சாஹில், அபிஷேக், ஹிமான்ஷு ஆகியோர் முந்தைய சீசனிலும் சேர்ந்து ஆடியவர்கள். முந்தைய சீசனில் தோற்றுத் தோற்று ஒருவர் கையை இன்னொருவர் கற்றுக்கொண்டவர்கள். பிளே-ஆஃபில் யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று வென்றதும், அரையிறுதியில் புனேரி பல்டனிடம் இரண்டே புள்ளியில், 37-39 என்று தோற்றதும் அந்த அணிதான். நட்சத்திரம் இல்லாமல் போனபோதுதான் தலைவாஸ் அணியாக ஆடியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதே பிடி வரிசையை 2023-24-லும் வைத்துக்கொண்டார்களே, ஏன் 13 ஆட்டங்களில் தோற்றார்கள்? டிசம்பரில் சொந்த ஊரான சென்னையிலேயே அடிமேல் அடி வாங்கினார்களே? உண்மைதான். நிலைத்த அணி இருந்தால் மட்டும் வெற்றி வந்துவிடாது என்பதற்கு அந்த சீசன் உதாரணம். ஆனால் அங்கே உடைந்தது எது என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் நரேந்தர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எதிரணிக்குத் தெரியாது. இரண்டாம் வருடம் எல்லா அணியும் அவர் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் படித்துவிட்டு வந்தன. முதல் ரைடர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் ஐந்து நிமிடத்தை ஓட்ட இரண்டாவது, மூன்றாவது ரைடர் வேண்டும். அந்தச் சுமையை எடுக்க நிலையான ஆள் அமையவில்லை. தேவைப்பட்டது சிறு பழுது பார்ப்பு. அதற்குப் பதில் பயிற்சியாளரை மாற்றினார்கள், மறுபடி இரண்டு கோடிக்கு ஒரு ரைடரை வாங்கினார்கள். ஓடு ஒன்று உடைந்ததற்குக் கூரையையே பிரித்த கதை. 2025-இல் ஜெய்ப்பூரை முன்பு கோப்பைக்குக் கொண்டுபோன சஞ்சீவ் பல்யான் பயிற்சியாளராக வந்தார். அந்த சீசனில் சென்னை ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே, ஒழுங்குப் பிரச்சினை என்று சொல்லி பவனை அணியிலிருந்து நீக்கினார்கள். பவன் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்று வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஓர் ஆளைச் சுற்றி அணியைக் கட்டினால் அந்த ஆள் போகும்போது என்ன மிஞ்சும் என்பது மட்டும் தெரிந்தது.

காசு கொட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எதன் மேல் கொட்டுகிறோம் என்பதே கேள்வி. ஈரானின் முகமதுரேசா ஷட்லூயி பிடி ஆட்டக்காரர். 2023-இல் அவரை 2.35 கோடிக்குப் புனே எடுத்தது, கோப்பையை வென்றது. அடுத்த வருடம் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தது, அதுவும் வென்றது. பார்த்தீர்களா, கேட்சர்தான் கோப்பை தருகிறார் என்று இங்கே நான் துள்ளிக் குதித்துவிடலாம். ஆனால் 2025-இல் குஜராத் அவரை 2.23 கோடிக்கு எடுத்துக் கீழ் வரிசையில்தான் முடித்தது. வித்தியாசம் என்ன? புனே அவரை வாங்கும் முன்பே முந்தைய சீசனின் இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், நம் தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன் என்று இளம் பிள்ளைகளை வைத்து வளர்த்த அணி அது. ஹரியானாவும் அப்படியே, முந்தைய வருட இறுதியில் தோற்ற அணி. அவர்கள் கட்டிய வீட்டுக்குக் கதவு வாங்கினார்கள். நாம் ஒவ்வொரு வருடமும் கதவை வாங்கிவிட்டு வீடு எங்கே என்று தேடுகிறோம்.

"எல்லாம் வடக்கத்திப் பையன்கள், நம்ம ஆளைப் போடுங்கள், சரியாகிவிடும்" என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு குரல். இதில் பாதிதான் சரி. பாட்னா மூன்று முறை கோப்பை வென்றது ஹரியானாவின் பர்தீப் நர்வாலை வைத்துத்தான். பாட்னாக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் வருடக்கணக்கில் அங்கேயே நின்றார் என்பது முக்கியம். ஆள் எந்த ஊர் என்பதைவிட எத்தனை நாள் தங்கினார் என்பதே ரசிகருக்கு ஒட்டுதலைத் தருகிறது. சாகருக்கும் நரேந்தருக்கும் இங்கே கிடைத்த அன்பே அதற்கு ஆதாரம். மறுபாதி நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் பாட்னாவுக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்றவர். ஹரியானாவுக்கும் தலைவராக இருந்தார். சந்திரன் ரஞ்சித் குஜராத்துக்குத் தலைவர் ஆனார். தலைவாஸில் அறிமுகமான அஜித் குமார், ஜெய்ப்பூர் அணிக்குப் போய் 2022-இல் கோப்பை வென்றார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் வடுவூரைச் சேர்ந்த வேறொரு அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். விளைச்சலுக்குக் குறைவில்லை. அறுத்துக் களத்துக்குக் கொண்டுவர ஆள் இல்லை.

அரியலூருக்கு இதில் சொந்த உதாரணமே உண்டு, வேறு விளையாட்டில். அரியலூர் கார்த்தி செல்வம் ஹாக்கி மட்டையோடு கோவில்பட்டி அரசு விளையாட்டு விடுதிக்குப் போனார். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை, எதிரே பாகிஸ்தான். இந்தியாவுக்கான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த மாவட்டத்தில் திறமை இருந்தது. அதை எடுத்து வளர்க்க ஒரு விடுதியும் இருந்தது. கபடியில் அந்த வேலையை ஒரு தொழில்முறை அணி செய்ய முடியும். லீக் விதிகளே இளம் வீரர்களை ஏலத்துக்கு வெளியே எடுத்து வளர்க்க இடம் கொடுக்கின்றன. செலவும் ஒரு நட்சத்திர ரைடரின் விலையில் சிறு பங்குதான்.

ஜெயித்தால் இந்த ரசிகர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்று நிர்வாகத்தின் பக்கம் நின்று சிலர் சொல்வார்கள். மறந்துவிடலாம்தான். ஆனால் எட்டு சீசன்களில் மூன்றில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. நடந்தபோதும் பெரம்பலூரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர். இரவு ஆட்டம் முடிந்து பஸ் பிடித்தால் விடிந்துதான் வீடு. அப்படியும் போனவர்கள் இருக்கிறார்கள். நேரில் பார்க்க அதிக வாய்ப்பில்லாமலே ஓர் அணியை எட்டு சீசன் தொடர்ந்து பார்த்தவர்களை நிலையற்றவர்கள் என்று சொல்வதற்கு, ஆண்டுக்கொரு முறை அணியையே மாற்றுகிறவர்களுக்கு உரிமை இல்லை.

அடுத்த ஏலத்தின்போது விலையைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். இருக்கும் கார்னரையும் கவரையும் தக்கவைத்துவிட்டு, அப்புறம் நிர்வாகம் ஏல மேசைக்கு வந்தால் நாம் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். முதல் கோடி மறுபடியும் ஒரு ரைடருக்கே போனால், தை மாதத்து நைட் மேட்ச் எந்த ஊரில் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நல்ல பிடி பார்க்கலாம்.