அரையர் கற்பிக்கும் அரங்கம்

நாடகத்தை இயக்கக் கற்கும் மாணவன், திரை, விளக்கு, ஒப்பனை என்னும் மூன்றின் மீதே முதலில் மோகங்கொள்வது இயல்பாதலால், அவை இன்றி அரங்கமே இல்லையென்று நம்பும் அவனை, மார்கழி உற்சவ காலத்தில், இராஜபாளையத்திற்கு அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பி, ஆண்டாள் கோயிலில், அரையர் என்னும் கோயிற் கலைஞர் ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையைக் காணச் செய்வது நல்ல உபாயம்.

கூம்பு வடிவக் குல்லாயும் கைத்தாளமுமே அங்கே முக்கிய உபகரணங்கள். அச்சேவையின் ஒரு பகுதியான முத்துக்குறியில், எம்பெருமான்மேல் மையல் கொண்டு மெலியும் மகளாகவும், அவள் நிலை கண்டு கலங்கும் தாயாகவும், முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் அரையர் ஒருவரே, உடை மாற்றாமல், குரலாலும் பார்வையாலும் மாறிவிடுகிறார். பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, அதன் பின் வியாக்கியானமும் உரைக்கும் அந்தக் கிரமத்தில், ஒரே சொல் செவிக்கும் கண்ணுக்கும் புத்திக்கும் தனித்தனியே பரிமாறப்படுகிறது. எதை எப்போது காட்டுவது, எதை ரசிகனின் கற்பனைக்கு விடுவது என்ற விவேகமன்றோ இயக்குநரின் வித்தை!

டில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காசியிடம் பயின்று, 1977-ல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சி முகாம் நடத்திய நாடக இயக்குநர் சே. இராமானுஜம், பிற்காலத்தில் திருக்குறுங்குடிக் கோயிலின் மரபு நாடகமான கைசிக நாடகத்திற்குப் புத்துயிர் ஊட்டியதை நினைத்தால், நவீனப் பயிற்சிக்கும் கோயிற் கலைக்கும் விரோதமில்லை என்பது விளங்கும். சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே அளித்து உருவாக்கிய காந்தி கலைமன்றம் இருக்கும் இராஜபாளையத்து மாணவனுக்கு, நவீனப் பயிற்சியையும் கோயிற் கலையையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு அருகிலேயே அமைந்திருக்கிறது.