எய்தவனும் அம்பும்

2009 ஏப்ரல் 12, லண்டன் ஸ்டூப் மைதானம். ஹைனெக்கன் கோப்பை ரக்பி காலிறுதியில் ஹார்லெக்வின்ஸ் 5–6 என லெய்ன்ஸ்டரிடம் பின்தங்கியிருக்கிறது. முடிய இன்னும் சில நிமிடங்களே. டாம் வில்லியம்ஸின் வாயில் ரத்தம். ரத்தக் காயம் பட்டவருக்குப் பதிலாக, முன்பே வெளியேறிய வீரரும் திரும்பி வரலாம் என்ற விதிப்படி உதையில் தேர்ந்த நிக் எவன்ஸ் களம் இறங்கினார். அந்த ரத்தமோ கடையில் வாங்கிய போலி. பிறகு பொய்யை மறைக்க, வீரர் கேட்டுக்கொண்டதால், அணி மருத்துவரே அவர் உதட்டைக் கீறினார்.

விளையாட்டுத் துறையின் முதல் விசாரணை வில்லியம்ஸுக்கு 12 மாதத் தடையும் அணிக்கு அபராதமும் விதித்தது. பயிற்சிப் பொறுப்பாளர் டீன் ரிச்சர்ட்ஸ் தப்பினார். வில்லியம்ஸ் முழு உண்மையையும் சொன்ன பிறகே மேல்முறையீட்டில் நிலைமை மாறியது: அவரது தடை 4 மாதமாகக் குறைந்தது, ரிச்சர்ட்ஸுக்கு 3 ஆண்டு, போலி ரத்தத்துக்கு உடந்தையாக இருந்த அணி பிசியோதெரபிஸ்டுக்கு 2 ஆண்டு. உண்மை பேசுபவருக்குச் சலுகை தந்து மேலிடத்தை எட்டியதே இம்முறையின் பெரும் பலம்.

மருத்துவத் துறையின் ஒழுங்கு விசாரணைகள் ஒரே திசையில் செல்லவில்லை. 2010இல் பிசியோதெரபிஸ்டின் பெயர் தொழிற்பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் வழக்கைத் திருப்பியனுப்பிய பின்னரே அது எச்சரிக்கையாகக் குறைந்தது. மருத்துவரையோ, அப்போது அவருக்கிருந்த மனச்சோர்வைக் கருதி, பொது மருத்துவ மன்றம் எச்சரிக்கையுடன் பணியைத் தொடர விட்டது. பிசியோதெரபிஸ்ட் முந்தைய ஆட்டங்களிலும் போலி ரத்தத்துக்கு உடந்தையாக இருந்ததை ஒப்புக்கொண்டவர். ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. தவறியவரின் நோயையும் நிலையையும் எடைபோட்டதை நான் குறையாகவும் கருதவில்லை. சிகிச்சை தரும் கை, தேவையற்ற காயத்தை உண்டாக்கக் கூடாது என்பதை மருத்துவர் மீதான விசாரணை உரக்கச் சொன்னது. அதுவும் தேவையே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இம்மன்றங்கள் தம் பதிவேட்டில் உள்ளவரை மட்டுமே விசாரிக்க முடியும். கத்தி பிடித்த கை கூண்டில் நிற்கும். அந்தக் கையை நெருக்கிய அணியின் வெற்றிவெறி அவற்றின் எல்லைக்கு வெளியே நிற்கும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவரான ரிச்சர்ட்ஸும் தண்டிக்கப்பட்டார் என்றாலும், அது ஓர் இளம் வீரரின் வாக்குமூலத்தால் நேர்ந்தது. அவர் வாய் திறக்காதிருந்தால்?

அணி மருத்துவரின் வேலை பயிற்சியாளரின் தயவில் இருக்கக் கூடாது. நெருக்கடியை முதலிலேயே சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். தண்டனை, நடந்த தவறுக்குப் பின்னால் வருவது. ‘மாட்டேன்’ என்று ஒரு மருத்துவர் அச்சமின்றிச் சொல்ல முடிந்தால்தான் அடுத்த உதடு கிழியாமலிருக்கும்.