திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் வேதவாசிப்பு

மகளின் விவாகம், மகனின் உத்தியோகம், பங்காளிகளோடு காணித் தகராறு, தீராத வியாதி என இல்வாழ்க்கையில் ஒரு தீர்மானம் செய்யவேண்டிய வேளை வரும்போதெல்லாம், அக்காரியத்தில் தேவசித்தம் யாது என்று வேதபுத்தகத்தின் முன் அமர்ந்து கேட்கும் வழக்கம் தமிழ்ப் புரொட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரிடையே பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் உண்டு. கேட்கும் முறையோ ஒன்றன்று. சுவிசேஷம் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகவும், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தின் வழியாகவும் புகுந்ததே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்குப் புகலிடமாக, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் முதலூர் தோன்றியது. பின்னர் நாசரேத்து, மெஞ்ஞானபுரம் என்று ஊர்கள் எழும்பின. குடும்பம் குடும்பமாகச் சபையில் சேர்ந்த அம்மக்களுள் பெரும்பாலார் எழுத்தறியாதவராகையால், வேதம் அவர்களுக்குச் செவிவழியே வந்தது. அந்திப்பொழுதில் கோயில் மணி ஒலித்ததும் ஆணும் பெண்ணும் கூட, உபதேசியார் ஓர் அதிகாரத்தை வாசித்து, அதிலே கேள்வி கேட்டு, வசனங்களை மனப்பாடமாய் ஒப்புவிக்கச் செய்வார். விடியுமுன் பனையேறப் போனவன், ஓரெழுத்தும் அறியாதவனாயினும், சங்கீதத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டு மரமேறினான். வீட்டில் சிக்கல் நேர்ந்தால் உபதேசியாரிடம் சொல்வதும், அவர் வந்து பாயில் அமர்ந்து ஏற்ற பகுதியை வாசித்து ஜெபிப்பதும், அண்டைவீட்டார் உடனிருந்து தம் கருத்தை உரைப்பதும் அங்கே இயல்பு. இவ்வாறு பலர் செவியில் விழுந்த பிறகே தீர்மானம் பிறப்பதால், ஒருவன் தன் ஆசையையே தேவசித்தமென்று மயங்குவதற்கு இடம் குறைந்தது. இதை நான் பெரும் பேறாக எண்ணுகிறேன்.

யாழ்ப்பாணத்திலோ, 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், மறு வருஷம் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் ஸ்தாபித்தனர். சைவக் குடும்பத்திலிருந்து தனியராய் வந்த மாணாக்கர் வேதத்தைக் கையிலேந்தி, எழுத்தெண்ணிக் கற்றனர். கற்றேயாகவேண்டிய நிர்ப்பந்தமும் இருந்தது. ஏனெனில் சைவத்தின் சார்பில் எதிரே நின்றவர், பேர்சிவல் பாதிரியாரின் வேத மொழிபெயர்ப்புக்கே துணைநின்ற ஆறுமுக நாவலர். ஒரு வசனத்தை எடுத்துரைத்தால், முன்பின் உள்ள வசனங்கள் அதற்கு இசையுமா என்று கேட்கத் தெரிந்த ஊரில், அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் கிறிஸ்தவனுக்கும் வந்தது. இராச்சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ விளக்கடியில் குடும்பம் கூடி, உடுவிலில் படித்த ஆச்சி தொடங்கிவைக்க, பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாய் அதிகாரம் முழுவதையும் முறையே வாசித்து முடிப்பது அவ்வீடுகளின் நித்திய ஒழுங்காயிற்று.

முறை வேறாயினும், பிற்காலத்தில் இரு கரையாரும் வாசித்தது 1871இல் நிறைவெய்திய பவர் ஐயரின் வேதாகமப் பதிப்பையே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் ஓர் அத்தியட்சாதீனமாகி, தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைப் பின்னாளில் எழுதிய சபாபதி குலேந்திரன் அதன் முதல் பேராயரானார்.

ஒரு வழக்கத்தைப் பற்றி மட்டும் என் மனம் ஒப்பவில்லை. கண்மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை உத்தரவாகக் கொள்வதும், வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை அவ்வருஷத்துக்கெல்லாம் போதுமென்று வைத்துக்கொள்வதும் இரு நாட்டிலும் காண்கிறோம்; தமிழ்நாட்டிலே அது மிகுதி. அவ்வட்டைகளில் அடிக்கடி அச்சாகும் எரேமியா 29ஆம் அதிகாரத்துப் பதினோராம் வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபத்தின் ஒரு துண்டு. அதற்கு முந்திய வசனமோ, எழுபது வருஷம் கழிந்த பின்னரே மீட்சி என்கிறது. அதற்கும் முன்னே, அந்நிய நகரத்தில் வீடு கட்டித் தோட்டம் நாட்டி, அந்நகரத்தின் சமாதானத்துக்காக மன்றாடும்படி கட்டளையிருக்கிறது. 1995 ஒக்டோபர் இறுதியில் யுத்தத்தினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்து, பின்னர் வன்னிக்கும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிதறிய குடும்பங்களுக்கு அவ்வதிகாரம் முழுவதுமே தேவைப்பட்டது: திரும்புவோமா என்ற கேள்விக்குப் பதினோராம் வசனமும், திரும்பும்வரை எப்படிச் சீவிப்பது என்ற கேள்விக்கு ஐந்தாவதும் ஏழாவதும்.