மையவிலக்குப் பம்புகளில் நிலையாப் பாய்வு: ஆய்வுமுறை குறித்த ஒரு திறனாய்வு

மையவிலக்குப் பம்புகள் குறித்த ஆய்வுகள் பலவும் சுழலிக்கும் சுருள்கூட்டுக்கும் இடையே எழும் அழுத்த ஏற்ற இறக்கத்தை, இரைச்சலுக்கும் அதிர்வுக்கும் காரணமான குறையாக மட்டுமே கருதுகின்றன. இப்பார்வை மறுபரிசீலனைக்குரியது. உராய்வும் வெப்பப் பரிமாற்றமும் அற்ற பாய்வில் நீர்த்துகளின் மொத்த ஆற்றல் மாற வேண்டுமெனில், நிலையான நோக்குச் சட்டத்தில் அழுத்தம் காலத்தோடு மாறியாக வேண்டும் என இராபர்ட் டீன் 1959இல் விளக்கினார். நிலையாமை இன்றேல் பம்பு நீருக்கு ஆற்றலூட்ட இயலாது என்பதே இதன் பொருள்.

தணிக்கப்பட வேண்டியது, சுழலியின் அலகுகள் கூட்டின் நாக்கைக் கடக்கையில் எழும் மிகைத் துடிப்பே ஆகும். நிமிடத்திற்கு 1450 முறை சுழலும் 6 அலகுச் சுழலியில் அது நொடிக்கு 145 முறை நிகழும். நாக்கின் இடைவெளியைக் கூட்டினால் துடிப்பு தணியும். பயனுறுதிறன் சற்றுக் குறையக்கூடும்.

கணினிவழி ஆய்வுகளில் சுழலியை ஒரே நிலையில் நிறுத்திக் கணக்கிடும் ‘உறைந்த சுழலி’ முறை, வடிவமைப்புப் பாய்வின் அருகே ஏற்ற உயரத்தை ஓரளவு சரியாகத் தருகிறது. அதைக்கொண்டு துடிப்பையும் மதிப்பிடுதல் பொருந்தாது. காலம் இடம்பெறாத கணக்கில் துடிப்பு வெளிப்படாது. பல கோணங்களில் நிறுத்திப் பெற்ற முடிவுகளைக் கோத்தாலும், அலகின் பின்சுவடு நாக்கை அடையும் காலத்தாழ்வு விடுபட்டுப்போகும். எனவே ஏற்ற உயரத்தின் ஒப்புமையைப் போதிய சான்றாகக் கொள்ளாது, நாக்கருகே துடிப்பின் அலைவெண்ணும் வீச்சும் அளவீட்டோடு ஒப்பிடப்படுதல் வேண்டும்.