மறுப்பில் மிஞ்சுவது

இறந்துபோன எழுத்தாளனைப் பற்றி நாம் கூச்சமில்லாமல் சொல்லிவரும் வாக்கியம் ஒன்று உண்டு. அவன் தன் எழுத்தில் வாழ்கிறான் என்பது. இரங்கல் கூட்டங்களில் இதைச் சொல்லாமல் யாரும் உட்காருவதில்லை. வாழ்வது எது, அவனா, அல்லது அவனைப் பற்றி நமக்குச் சௌகரியமான ஏதோ ஒன்றா என்று கேட்டால், கேட்டவன் ஈரமில்லாதவன் ஆகிவிடுகிறான். ஆயினும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. மரணத்துக்குப் பின் நம்மில் ஏதாவது மிஞ்சுகிறதா என்ற கேள்வியைக் கோயில்களும் மடங்களும் தமக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டன என்பதற்காக, விமர்சகன் அதை அவற்றிடமே விட்டுவிட வேண்டியதில்லை. 'எழுத்தில் வாழ்கிறான்' என்பதும் ஒரு மறுமைக் கோட்பாடுதான். அதைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் மறுமையை நம்பாதவர்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க வெளிதேசத்து உதாரணம் தேவையில்லை. குண்டலகேசி இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லலாமா என்பதே இங்கே பிரச்னை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக எண்ணப்படும் இந்த பௌத்த நூலை இயற்றியவர் நாதகுத்தனார் என்பர். நூல் மறைந்துவிட்டது. புறத்திரட்டு என்ற தொகை நூலின் புண்ணியத்தில் 19 செய்யுட்கள் கிடைத்தன. இதை மறுக்கவென்றே எழுந்த சமண நூலான நீலகேசியோ 10 சருக்கங்களோடும் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடும் நம்மிடம் இருக்கிறது. 1936இல் அ. சக்கரவர்த்தி அதைப் பதிப்பித்தார். எந்த நூலைத் தோற்கடிக்க நீலகேசி புறப்பட்டாளோ, அந்த நூலின் வாதங்களை அறிய இன்று நாம் நீலகேசியிடமே போக வேண்டியிருக்கிறது.

இருவரும் சண்டையிட்டது எதைப் பற்றி என்பதையும் மறந்துவிடக் கூடாது. பௌத்த மரபுக் கதையில் குண்டலகேசி தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப்போன திருட்டுக் கணவனை அங்கிருந்து தள்ளிவிட்டவள். முதலில் சமணத் துறவியாக வாதம் பயின்று, பிறகு பௌத்தத்துக்கு வந்தவள். அவள் வந்துசேர்ந்த தரிசனத்தில் நிலைத்த ஆன்மா கிடையாது. கணந்தோறும் தோன்றி அழியும் ஒரு தொடர்ச்சி மட்டுமே உண்டு. இதற்குச் சமணம் எழுப்பும் ஆட்சேபம் எளிமையானது, கூர்மையானது. எல்லாம் கணத்தில் அழிவதானால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா? நேற்றுக் கண்டதை இன்று நினைவுகூர்பவன் யார்? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் இரண்டாம் சுடர் முதற்சுடரும் இல்லை, அதற்கு அந்நியமும் இல்லை என்பது பௌத்தரின் பழைய பதில். தமிழில் இந்த வழக்கு இரண்டு பெண்களின் பேரில் நடந்தது. நாம் இரண்டு நூல்களையும் காப்பியப் பட்டியலுக்குள் போட்டுப் பூட்டிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் திறந்து பார்க்கிறோம்.

குண்டலகேசி இரண்டு வழிகளில் மிஞ்சியிருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றல்ல. முதல் வழி புறத்திரட்டினுடையது. அதில் வந்த செய்யுட்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, நாம் குழந்தையாகவும் பாலனாகவும் இளைஞனாகவும் ஏற்கெனவே செத்துச் செத்துத்தான் வந்திருக்கிறோம், அப்படியிருக்க நமக்காக நாம் ஏன் அழுவதில்லை என்று கேட்பது. தன் நூலுக்குள் இது ஆன்மா இல்லை என்று நிறுவும் வாதத்தின் ஒரு படியாக இருந்திருக்கும். தொகைக்குள் வந்தபோது யாக்கை நிலையாமை பற்றிய பொது உபதேசமாகிவிட்டது. சைவரும் வைணவரும் சமணரும் தலையாட்டிக்கொண்டே படிக்கலாம். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இரண்டாவது வழி நீலகேசியினுடையது. மறுக்க வேண்டுமானால் எதிராளி சொன்னதை முதலில் சொல்லியாக வேண்டும். ஓரளவுக்காவது ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். பகைவன் பட்ட இந்தச் சிரமத்தில்தான் குண்டலகேசியின் முகம் தெரிகிறது. பாராட்டியவன் அவளைப் பழமொழி ஆக்கினான். எதிர்த்தவனிடத்தில் அவள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.

இதைக்கொண்டு உயிர் மிஞ்சுகிறது என்றோ மிஞ்சவில்லை என்றோ நான் நிறுவ வரவில்லை. ஏடுகளின் தலைவிதி ஆன்மாவுக்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் இந்தக் கேள்வியில் நம் காப்பியங்களே எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டன என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. நீலகேசி கடைசியாக வாதிடுவது பூதவாதியோடு. உடல் கலைந்தால் எல்லாம் கலைந்தது என்பவன் அவன். அவனோடு வாதிட வந்திருப்பவளோ பழையனூர் நீலி. சுடுகாட்டில் முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடம் உபதேசம் பெற்று மனம் மாறியவள். அதாவது வாதம் தொடங்குவதற்கு முன்பே கதை தீர்ப்பெழுதிவிட்டது. பேய் ஒன்று எதிரே நின்று பேசும்போது பூதவாதி பாவம், என்னதான் செய்வான்? மணிமேகலையிலும் இதே சலுகைதான். அவள் முற்பிறப்பை அறிந்தவள். அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம் என்கிறான் பூதவாதி. உன் தாய் தந்தையரை மட்டும் அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள். வாதம் அழகானது. ஆனால் அனுமானம் வேண்டும் என்றுதான் இதனால் ஏற்படுகிறதே ஒழிய, முற்பிறப்பு உண்டு என்று ஏற்படவில்லை. சாத்தனாருக்கு இது தெரியாதிருக்காது.

தெரியாதிருக்காது என்று நான் சொல்வதற்குக் காரணம் அதே நூலின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. சுடுகாட்டில் பேயைக் கண்டு அஞ்சிச் செத்த சார்ங்கலனை அவன் தாய் கோதமை தூக்கிவந்து சம்பாபதியின் முன் போட்டு, என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா என்கிறாள். உயிருக்கு உயிர் மாற்றிக்கொள்ள முடியுமானால் மன்னர்களுக்காக உயிர் தர ஆள் கிடைத்திருக்காதா, இந்தப் புறங்காட்டில் அரசர்களுக்கு ஆயிரம் கோட்டங்கள் நிற்கின்றனவே என்கிறது தெய்வம். கோதமை ஒப்புவதில்லை. சக்கரவாளத்துத் தேவர்கள் அத்தனை பேரையும் வரவழைத்துச் சாட்சி சொல்ல வைத்த பிறகுதான் அடங்குகிறாள். மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறந்துபோகிறாள். தத்துவத்துக்குச் சாதகமான பதில் தெய்வத்திடம் தயாராக இருந்தும், அந்தப் பதில் தாயின் துக்கத்தைத் தீர்த்துவிட்டதாக சாத்தனார் எழுதவில்லை. மரணத்தைப் பற்றி நம் மொழியில் இதைவிடக் கறாரான பகுதிகள் அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

நான் புழலில் குடியிருப்பவன். இங்கே ஒரு பழைய ஆதிநாதர் கோயில் இருக்கிறது. நீலகேசியின் கட்சிக்காரர்கள் வட தமிழகத்தில் அற்றுப்போய்விடவில்லை என்பதற்கு அதுவே போதும். புழல் ஒரு காலத்தில் குறும்பர்களின் கோட்டை என்றும், தொண்டைமான் அவர்களை வென்று அங்கிருந்த எருக்கந்தூண்களைத் திருமுல்லைவாயில் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தான் என்றும் தலபுராணம் சொல்கிறது. குறும்பர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை எதுவும் நமக்கு வந்துசேரவில்லை. வென்றவன் கதையில், வென்றவன் கோயிலில் இரண்டு தூண்களாக நிற்கிறார்கள். கிழக்கே போனால் திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. உடம்பை நெருப்புக்கும் நரிக்கும் எழுதிவைத்துப் பாடியவருக்கு எழுப்பிய கட்டிடத்தைத்தான் ஜனங்கள் சுற்றிவருகிறார்கள். அதே ஒற்றியூருக்கு நடையாய் நடந்த ராமலிங்க அடிகள் இதற்கு நேர்மாறாக, இந்த உடம்போடேயே மரணமில்லாப் பெருவாழ்வு என்றார். 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. ஒருவருக்குச் சமாதி, மற்றவருக்கு மூடிய அறை. யார் எதை மறுத்தார்களோ அதையே நாம் அவர்களுக்குச் செய்திருக்கிறோமா என்பது யோசிக்க வேண்டியது.

இவ்வளவையும் எழுதவைத்தது ஒரு சாவு. எண்ணூர்ப் பக்கம் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு கவிதை எழுதிய நண்பர் சென்ற ஆண்டு இறந்துபோனார். இந்தப் பக்கங்களைப் படிக்கும் இருநூறு பேரில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். பெயர் வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசினோம். ஒன்பது பேரும் அவர் கவிதைகளில் வாழ்கிறார் என்றோம். அவருடைய பிடிவாதங்கள், யாருடனும் ஒத்துப்போகாத அபிப்பிராயங்கள், படிமக் கவிதையே பொய் என்று அவர் போட்ட சண்டைகள் எதுவும் மேடைக்கு வரவில்லை. புறத்திரட்டு வேலையை அரை மணி நேரத்தில் செய்து முடித்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க நெறைய படிச்சவரு. சொல்லுங்க. அவரு எங்கியாவது இருக்காரா, இல்ல அவ்ளோதானா?" என்று கேட்டார். எங்கள் ஒன்பது பேச்சையும் முன்வரிசையில் இருந்து கேட்டவர் அவர். 'எழுத்தில் வாழ்கிறார்' என்பது அவர் கேள்விக்குப் பதிலே இல்லை என்பதை அவர் கேட்ட விதமே காட்டிவிட்டது. எனக்குத் தெரிந்து யாரும் நிரூபித்ததில்லை அம்மா என்றேன். அதற்கு மேல் இனிப்பாக எதையும் சேர்க்கவில்லை.

அவர் விட்டுப்போனது நான்கு நோட்டுகள். பாதிக்கு மேல் அடித்தவை. குறுக்கே ஒரு கோடு, சில இடங்களில் இரண்டு. எல்லாவற்றையும் அச்சிட வேண்டும், ஒரு வரியும் வீணாகக் கூடாது என்பது நண்பர்கள் கட்சி. இறந்த கவிஞனைத் தொகுப்பது அவசியமான காரியம்தான். ஆத்மாநாம் 1984இல் போனார். பிரம்மராஜன் 1989இல் தொகுத்திராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு அவர் பெயர் ஒரு செய்தியாக மட்டுமே எட்டியிருக்கும். ஆனால் ஒருவன் வேண்டும் என்று வைத்ததைத் தொகுப்பது வேறு, வேண்டாம் என்று அடித்ததைத் தோண்டி எடுப்பது வேறு. அடித்த வரியை அப்பாவியாக அச்சிட்டால் அதில் சொற்கள் மிஞ்சும், கோடு அழிந்துவிடும். அந்தக் கோடுதான் அவர். தன்னோடு தானே வாதாடித் தன்னையே மறுத்த இடம் அது. அதை விட்டுவிட்டு வரியை மட்டும் வாழவைப்பது குண்டலகேசியைப் பழமொழி ஆக்குவதற்குச் சமம்.

இதை அவர் மனைவியிடமும் சொன்னேன். சொத்தென்றால் அவருடைய சொத்து. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அவரு அடிச்சா அடிச்சதுதாண்ணே. சோறு வேணாம்னு சொல்ட்டா வேணாம்தான். அப்புறம் யாரு கெஞ்சினாலும் உக்கார மாட்டாரு" என்றார். எங்கள் ஒன்பது உரைகளிலும் வராத ஆள் இந்த இரண்டு வரிகளில் வந்துவிட்டார்.

ஆகவே அடிக்காத கவிதைகள் மட்டும், ஏறத்தாழ அறுபது, புத்தகமாக வரும். முன்னுரை எழுதும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். படிமம் பற்றி அவர் சொன்னது ஒருதலைப்பட்சமானது என்று நான் இன்றும் நினைக்கிறேன். அவர் இருந்தபோது முடியாமல் விட்ட அந்த வாதத்தை முன்னுரையில் தொடர்வதாக இருக்கிறேன். அவர் தரப்பை அவரைவிடக் குறைத்துச் சொல்லாமல், முழு பலத்தோடு எடுத்துவைத்துவிட்டு மறுப்பேன். இரங்கல் நேரத்தில் இது முறையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒத்துக்கொண்டே வாசித்தால் அவர் இரண்டு வருஷத்தில் ஓய்ந்துவிடுவார். சுடர் அதுவேதானா, வேறொன்றா என்பதைச் சமணரும் பௌத்தரும் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. விளக்கேற்றுகிற வேலை அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.