எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்: மருமக்கள்வழி மான்மியத்தின் நகை

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அஞ்சுகிராமம் திருவிதாங்கூர்-கொச்சியின் கிழக்கெல்லை ஊர்களுள் ஒன்று. அதற்கு அப்பால் நெல்லைச் சீமை. எல்லை மறைந்து பல்லாண்டுகள் ஆயினும், தொடரிறுதியில் 'ஆக்கும்' சேர்த்துப் பேசும் நாஞ்சிலாரைக் கிழக்கத்தியாரும், 'வே' என விளிக்கும் கிழக்கத்தியாரை நாஞ்சிலாரும் நகையாடுதலை இன்றும் அங்குக் கேட்கலாம்.

இது புதிய வழக்கன்று. மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் காட்டும் செயிற்றியனார் நூற்பா, நகை தோன்றும் இடங்களை எண்ணுமிடத்து, ஆரியர் பேசும் தமிழையும் கூனரையும் குறளரையும் ஒரே நிரலில் வைக்கின்றது. அயலார் நாவில் நம்மொழி திரிதலும் ஓர் ஊனம் என்பதே அந்நிரலின் உட்கோள் போலும். பேராசிரியரோ எள்ளலை இருவகைப்படுத்துவர்: பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதல் மற்றொன்று. இவற்றுள் பின்னதற்கு இலக்கியம் காண்டல் அரிது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் (1876-1954) 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அவ்வரிய இலக்கியம் என்பது என் துணிபு. மகன் இருக்க மருமகன் சொத்துரிமை எய்தும் முறை அயலார்க்கு எளிதில் நகைப்பொருளாகும். தேரூரிற் பிறந்த கவிமணி அம்முறைக்கு உட்பட்ட வேளாளர் குடியினர். அவர் தாமே நின்று எள்ளாமல், காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி வாயிலாக நூல் முழுதையும் கூறுவிக்கின்றார். அவள் நகைத்தால் அவள் வாழ்வே நகைப்பிடமாகின்றது. காப்பியத்திற்குரிய 'படலம்' என்னும் பெயரை வீட்டுப் பூசலுக்குச் சூட்டியதும் வெறும் விளையாட்டன்று. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்ற தலைப்பொன்றே போதும். 'கோடு' ஈண்டு நீதிமன்றம். நெல்லையார் நகைக்கும் அதே வட்டாரச் சொல் இங்கே ஒரு குடியின் அழிவைச் சுமக்கின்றது.

இந்நூலைச் 'சீர்திருத்த நூல்' என்று கூறி அமைவாரும், 'நகைச்சுவை நூல்' என்று கூறி அமைவாரும் உளர். முன்னவர் 1926-ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைச் சுட்டுவர். அதற்கு முன்னரே இது இதழில் வெளிவந்தமையின் அச்சுட்டு தவறன்று. ஆயின் சட்டம் வந்த பின்னும், 1942-இல் நூலுருப் பெற்றபோதும், நகை வாடவில்லையே! அதற்குச் சட்டம் விடை தாராது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. முறையை எள்ளப் புகுந்த நூல் மாமியிடத்து வருங்கால் ஆளையே எள்ளுகின்றது. 'மாமி அரசியற் படலம்' காட்டும் கொடிய மாமி ஊர்தோறும் பழகிய அச்சுப்பதுமை. தாய்வழிக் குடியிற் பெண்ணுக்கு எஞ்சியிருந்த வீட்டுரிமையே அம்மாமியின் செருக்குக்கு வேர். அவ்வேர் நூலிற் புலப்படவில்லை. செயிற்றியனாரின் பழைய நிரல் ஈண்டு மீண்டும் தலைகாட்டுகின்றது. மாமியின் சொற்களும் நமக்கு மருமகளின் வாய்வழியே வருவன. அவள் கூற்றாக ஒரு படலமும் இல்லை.